அடுப்பு எரியலன்னா போய்க் கதவத் தட்டுங்க

புதுசா வேலைக்கு வந்திருக்குற தம்பிங்க ரெண்டு பேருக்கும் தங்கச்சிக்கும்,

நான் போறதுக்கு முன்னாடி சார் எனக்குக் கடைசியா ஒரு வேலை குடுத்தாரு. "சென்சார் பெட்டியெல்லாம் எப்படி மாட்டுறதுன்னு இந்தப் புள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போ"ன்னாரு. எழுத மாட்டேன். மாட்டுறது எப்படின்னு அட்டப்பெட்டிக்குள்ளயே படம் போட்ட பேப்பர் இருக்கு. ரெண்டு ஸ்க்ரூ, ஒரு பேட்டரி, ஒரு ஸ்டிக்கர். ரெண்டு நாள்ல கைக்கு வந்துரும்.

நான் சொல்லப்போறது அந்தப் பேப்பர்ல இல்லாதது. சார்கிட்ட குடுத்தா பாதிய வெட்டிடுவாரு. அதனால உங்க மூணு பேர் வாட்ஸப்புக்கே நேரா அனுப்புறேன். எனக்கு டைப் பண்ண வராது, ஒம்போதாவதோட நின்னவ நான். போன்ல பேசப் பேச அதுவே எழுதிக்குது. தப்பா எழுதுனத மட்டும் திருத்துறேன். நடுவுல அழுக வந்தா நிறுத்திட்டு அப்பறம் பேசுறேன். படிக்கிற உங்களுக்கு அது தெரியாது, நல்லது.

எனக்கு இருபத்தியாறு வயசு. ஏழு வருஷம் இந்த வேலை பாத்தேன். பெரிய அனுபவம் மாதிரி பேசுறாளேன்னு நெனைக்காதீங்க. ஏழு வருஷத்துல நான் செஞ்ச தப்பு எழுபது வயசுக்குப் போதும்.

நம்ம வேலை என்னன்னு ஊர்ல கேட்டா "கேமரா மாட்டுறவங்க"ம்பாங்க. கேமரா இல்லன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். புள்ளைங்க பிரான்சுலயோ சிங்கப்பூர்லயோ இருக்கு, இங்க அம்மா அப்பா தனியா. அவங்க நல்லா இருக்காங்களான்னு போட்டோ எடுக்காம, பேச்ச ஒட்டுக் கேக்காம சொல்லணும். அதான் வேலை. டி.வி ரிப்பேர் பாத்துட்டிருந்த நம்ம சார் மாடில உக்காந்து அவரே செஞ்ச பெட்டிங்க இதெல்லாம். திறமைசாலி, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். சுவத்துல ஒட்டுற அடுப்புப் பெட்டி, சூடு பட்டா பச்சை. எப்பவும் பத்தவைக்கிற நேரத்துல சூடு வரலன்னா சிவப்பு. சிவப்பு வந்தா புள்ளைங்க போனு அடிக்கும், நம்ம ஆபீஸ் ஸ்க்ரீனும் கத்தும்.

சார் கிட்டயிருந்து நான் கத்துக்காத ஒண்ணு, நானே கண்டுபுடிச்சது. வீட்டப் பாக்காதீங்க, ஆளப் பாருங்க. ஒவ்வொரு ஆளுக்கும் விடாத பழக்கம் ஒண்ணு இருக்கும். தருமபுரத்துல ஒரு அம்மா டீ குடிக்காது, டி.வி போடாது, பாதி நாள் சமைக்கவும் செய்யாது, பழையதுதான். எங்க பெட்டிய ஒட்டுறது? ஒரு நாள் முழுக்க அவங்க வீட்டுலயே உக்காந்து பாத்தேன். காலைல எழுந்ததும் கோழிக்கூண்டத் தொறக்குறாங்க. முகம் கழுவுறதுக்கும் முன்னாடி. கதவு சென்சாரக் கொண்டுபோய்க் கூண்டுல மாட்டிட்டேன். சார் தலையில அடிச்சுக்கிட்டாரு. அந்தம்மா மவன் பிரான்சுலேருந்து போன் போட்டு, "அக்கா, தெனம் 'கோழிக்கூண்டு தொறந்தாச்சு'ன்னு மெசேஜ் வந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது"ன்னாரு. நாலு வருஷமா அந்தக் கூண்டு ஒரு நாளும் பொய் சொன்னதில்ல.

எங்கம்மாவுக்கு அடுப்பு.

எங்கம்மா விழிதியூர்ல தனியா இருந்துச்சு. அப்பா நான் சின்னப்புள்ளயா இருக்கும்போதே போயிட்டாரு. அம்மா நாத்து நடும், களை எடுக்கும், வேலை இல்லாத நாள்ல தெருவுல யார் வீட்டுலயாவது சண்டை போடும். நான் டவுன்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தேன். மொதல்ல அசைவு சென்சார் ஒண்ணு கூடத்துல மாட்டுனேன். மறுநாளே அது மேல துண்டப் போட்டு மூடிடுச்சு.

"ஏம்மா மூடுன?"

"நான் எழுந்தா உனக்குத் தெரியணும், உக்காந்தா உனக்குத் தெரியணும். நான் என்ன ஜெயில்லயாடி இருக்கேன்?"

"உனக்கு ஒண்ணு ஆயிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த அடுப்புப் பெட்டிய மட்டும் வச்சிட்டுப் போ. காலைல ஆறரைக்கு நான் டீ போடலன்னா செத்துட்டேன்னு வச்சுக்க. வேற வேவு பாக்குற வேலையெல்லாம் இங்க வேணாம்."

துண்ட எடுக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தல. எவ்வளவு காட்டணும், எவ்வளவு மறைக்கணும்னு அந்த வீட்டு ஆள்தான் சொல்லணும். இப்பவும் அதத்தான் சொல்றேன். அந்தத் துண்டு தப்பில்ல. இத ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி இதுக்குத்தான் சண்டையே.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

மூணு வருஷம் முன்னாடி, திருநள்ளாறு பக்கம் ஒரு தெருவுல நமக்கு அஞ்சு வீடு. ஒரு நாள் காலைல அஞ்சு அடுப்பும் ஒண்ணா சிவப்பு. அஞ்சு வீட்டுக்கும் போன் போட்டேன், ஒருத்தரும் எடுக்கல. அதுக்குள்ள வெளிநாட்டுப் புள்ளைங்க போன் மேல போன். பிரான்சுல அப்ப நடுச்சாமம், தூக்கத்துலேருந்து எழுந்து கத்துறாங்க. அதுல ஒருத்தர் ஆம்புலன்சுக்கே சொல்லிட்டாரு. நானும் வண்டிய எடுத்துக்கிட்டு பின்னாடியே ஓடுனேன்.

போய்ப் பாத்தா தெருவுல பந்தல். சாவு. தெருவுல பொணம் கெடக்கும்போது எவ அடுப்பு மூட்டுவா? எடுத்துட்டுப் போனப்பறம் தலை முழுவிட்டுத்தானே அடுப்பே. எனக்குத் தெரியாதா? நான் என்ன வேற நாட்டுக்காரியா? ஸ்க்ரீனப் பாத்ததும் அது மறந்துபோச்சு. எங்க ஆம்புலன்சு சத்தம் போட்டுக்கிட்டு நேரா பந்தலுக்குள்ளயே போயிருச்சு. மேளம் அடிச்சவரு கைய நிறுத்திட்டு, "செத்தவருக்கா வண்டி? நேத்தே வந்திருக்கணும்பா"ன்னாரு. அழுதுக்கிட்டிருந்தவங்களே சிரிச்சிட்டாங்க.

நம்ம கஸ்டமர் ஒரு அம்மா எழுந்து வந்து என் கையப் புடிச்சுது. "ஏண்டி, நான் எப்ப அடுப்பு மூட்டுறேன், மூட்டலன்னு எண்ணுறதுதான் உன் பொழப்பா? அந்தப் பெட்டியப் புடுங்கிட்டுப் போடி."

அவமானம்னா அவமானம். வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். ஆபீசுக்கு வந்ததும் சார்கிட்ட சொன்னேன், "சார், ஒரே தெருவுல மூணு அடுப்புக்கு மேல ஒண்ணா எரியலன்னா அது சாவு. அன்னிக்கு சிவப்பு காட்ட வேணாம். சாம்பக் கலர் காட்டட்டும், 'துக்கம்'னு போடட்டும், எவனுக்கும் போன் அடிக்க வேணாம். நாம அந்தத் தெருவுல யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேட்டுக்குவோம்."

சார் எழுந்து நின்னு கை தட்டுனாரு. "இது எந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரனுக்கும் தோணாது. இது நம்ம ஊர் மூளை!" அன்னிக்கு எல்லாருக்கும் பிரியாணி. கஸ்டமருங்களுக்கும் சந்தோசம், யார் போனும் நடுச்சாமத்துல கத்தல.

அதோட நிறுத்தியிருந்தா பரவாயில்ல. சாவு நடந்த தெருவுக்கு போன் போட்டு "யாருங்க செத்தாங்க?"ன்னு கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. நாலஞ்சு தடவ கேட்டேன். அப்பறம் நான்தான், நானேதான், "சார், அடுப்பு நின்னாலே சாவுதான், போன்லாம் வேணாம், தானாவே சாம்பலாகட்டும்"னு சொன்னேன். சார் அப்படியே மாத்திட்டாரு. கூச்சத்துக்காக ஒரு போன விட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்சது. இதவிடப் பெருசா ஒண்ணும் செய்யல.

போன மழைக்காலம். சாயந்தரம் அம்மா போன் பண்ணுச்சு. "வாய்க்கா வீட்டுப் பெரியவரு போயிட்டாருடி." அந்த வீட்டோட அம்மாவுக்கு ரெண்டு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. வாய்க்கால்ல அம்மா துணி தொவைக்கிற கல்ல அவரு பேத்துப் போட்டுட்டாருன்னு சண்டை.

"போவியாம்மா?"

"அந்த மனுசன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப மட்டும் முழிக்கணுமாக்கும்."

சிரிச்சிட்டு வச்சுட்டேன். அதான் நான் எங்கம்மா குரலக் கடைசியா நல்லபடியா கேட்டது.

மறுநாள் காலைல ஆபீஸ் ஸ்க்ரீன்ல எங்க தெரு அஞ்சு வீடும் சாம்பல். நாலு கஸ்டமர், அஞ்சாவது எங்கம்மா. துக்கம், துக்கம், துக்கம், துக்கம், துக்கம். சரியாத்தானே இருக்குன்னு டீ குடிக்கப் போயிட்டேன்.

பத்து மணிக்கு வசந்தா அத்தை போன் பண்ணுச்சு. எங்க எதிர்வீடு. சாவு வீட்டுலேருந்து பேசுது, பின்னாடி ஒப்பாரி கேக்குது.

"ஏண்டி, உங்கம்மா எங்க? இன்னும் வரல?"

"அதான் பேச்சுவார்த்தை இல்லையே அத்தை. வராது."

"போடி கூறு கெட்டவளே. சண்டக்காரிதாண்டி சாவு வீட்டுக்கு மொதல்ல வருவா. திட்டி அழுது அத்தோட சண்டைய முடிச்சிக்குவா. உங்கம்மா வராம இருக்க மாட்டா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. போய்ப் பாக்கட்டுமா?"

நான் போனத் தள்ளி ஸ்க்ரீனப் பாத்தேன். சாம்பக் கலர். துக்கம்.

"வேணாம் அத்தை, நீங்க வேலையப் பாருங்க. என் போன்ல தெரியுது. அம்மா நல்லா இருக்கு."

நல்லா இருக்குன்னு நான் சொன்னேன். தெரு முழுக்க ஒரே ஒரு ஆளுக்கு சந்தேகம் வந்துச்சு, அந்த ஆள நான் உக்கார வச்சேன். அத்தை என்ன நம்புச்சு, ஏன்னா மெஷின் வச்சிருக்கவ நான்.

மூணு மணிக்கு மேல பொணத்த எடுத்தாங்க. ஆபீஸ்ல உக்காந்தே எனக்குத் தெரிஞ்சுது. அஞ்சு மணி வாக்குல ஒரு வீடு பச்சையாச்சு. அப்பறம் இன்னொண்ணு. அடுத்து வசந்தா அத்தை வீடு. அப்பறம் கடைசி வீடு. நாலும் பச்சை. அஞ்சாவது சாம்பலாவே நிக்குது. தெருவுல எல்லாரும் தலை முழுவிட்டு டீ போடுறாங்க. எங்கம்மாவுக்கு டீ இல்லாம ஒரு நாள் ஓடாது.

வண்டி எப்படி ஓட்டுனேன்னு தெரியல. வீட்டு வாசக்கதவு தாப்பாள்ல ஒரு மாலை தொங்குது. ரோசாப்பூ மாலை, வாடிப்போயி. பூக்காரர் காலைல கொண்டாந்து கூப்புட்டுப் பாத்துட்டு, ஆள் இல்லன்னு மாட்டிட்டுப் போயிருக்காரு. மொத நாள் ராத்திரியே எங்கம்மா சொல்லி வச்சிருக்கு, அந்தப் பெரியவருக்குப் போட. என்கிட்ட மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டு மாலைக்குச் சொல்லியிருக்கு. தெரு சனமெல்லாம் அந்தக் கோடில, சாவு வீட்டுல. இந்தப் பக்கம் வர ஆள் இல்ல.

கொல்லைல, பாத்ரூம் படிக்கிட்ட கெடந்துச்சு. மழை ஈரத்துல வழுக்கி இடுப்பு உடைஞ்சு, மண்டைல அடி. மூச்சு இருந்துச்சு. என்னப் பாத்துட்டு, "வந்துட்டியா? காலைலேருந்து கூப்புடுறேன், மேளச் சத்தத்துல ஒருத்திக்கும் கேக்கல"ன்னுச்சு. ரெண்டாவது நாள் ஆஸ்பத்திரில போயிடுச்சு.

ஒரு நிமிசம் இருங்க.

சரி. பேசுறேன்.

பதினாறாம் நாள் காரியத்துல எங்க சொந்தக்காரங்க ஒருத்தர் பந்தியிலயே சொன்னாரு, "பொண்ணு மெஷின நம்புனா, ஆத்தா போயிட்டா." எல்லாரும் அவர அதட்டுனாங்க. நான் அதட்டல. "ஆமா, மெஷினத்தான் நம்புனேன். அத்தைய நம்பியிருக்கணும்"னேன். இன்னும் சில பேரு, "அவ்வளவுதான் அவளுக்கு எழுதியிருக்கு, மனச விடாத"ன்னாங்க. அத நான் ஒத்துக்கல. எழுதுனது யாருன்னு எனக்குத் தெரியும். ரூல் எழுதுனவ நான்.

பதினேழாம் நாள் ஆபீசுக்குப் போனேன். சார் என் கையப் புடிச்சு அழுதாரு, நிஜமாத்தான் அழுதாரு. அப்பறம் கண்ணத் தொடச்சிட்டு, "எல்லாம் நோட்டுல எழுதிட்டேம்மா, நீ ஒண்ணும் பாக்க வேணாம்"னாரு. அவரு வேணாம்னதும் எடுத்துப் பாத்தேன். கம்ப்ளெயிண்டு நோட்டு. எங்கம்மா பேரு, ஊரு, தேதி. காரணம்னு போட்ட எடத்துல, 'வாடிக்கையாளர் அசைவு சென்சாரைத் துணியால் மூடி வைத்தது.'

"சார், இது என்ன?"

"உண்மைதானே? அந்தத் துண்டு இல்லன்னா அசைவு காட்டலன்னு காலைலயே தெரிஞ்சிருக்கும்."

"அந்தத் துண்டு எங்கம்மா இஷ்டம். அடுப்பு எரியலன்னா பாத்துக்கன்னு சொல்லுச்சு. அடுப்பு எரியல. பெட்டி சரியாச் சொல்லுச்சு. நம்ம ரூல் அத மறைச்சிது."

"ரூலு யாரு சொன்னது?"

"நான் சொன்னது."

"அப்ப உன் பேர எழுதவா?"

"எழுதுங்க."

அவரு எழுதல. நானே பேனா எடுத்து அந்த வரிய அடிச்சிட்டு, கீழ என் கையெழுத்துல, 'ரூல் தப்பு. ரூல் போட்டது நான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "ரூல எடுங்க சார்."

"எடுத்தா பழையபடி நடுச்சாமத்துல எல்லாப் புள்ளைங்களுக்கும் போன் அடிக்கும். திரும்ப ஆம்புலன்ஸ் பந்தலுக்குள்ள போகும். வேணுமா?"

"அவங்களுக்கு அடிக்க வேணாம். எனக்கு அடிக்கட்டும். நான் போய்ப் பாக்குறேன்."

"ஒவ்வொரு சாவுக்கும் போவியா?"

"போவேன்."

"இது என்ன கம்பெனியா, ஒப்பாரிக் கோஷ்டியா?"

"ஒப்பாரிக் கோஷ்டிக்காரங்க எவ்வளவோ மேல் சார். யார் வரலன்னு அவங்களுக்குத் தெரியுது."

ரூல எடுக்கல அவரு. நானும் விடல. எல்லாக் கஸ்டமர் புள்ளைங்களுக்கும் ஒவ்வொருத்தரா போன் போட்டேன். பிரான்சு, சிங்கப்பூர், துபாய். "உங்க தெருவுல சாவு விழுந்தா அன்னிக்கு எங்க மெஷின் உங்கம்மாவப் பாக்காது. நான்தான் அப்படிச் செஞ்சேன். எங்கம்மா அப்படித்தான் போச்சு"ன்னு சொன்னேன். சில பேரு கோவமாக் கத்துனாங்க. ஒரு அண்ணன் மட்டும், "அன்னிக்கு நீ போய்ப் பாப்பியாம்மா?"ன்னாரு. "போவேன்"னேன்.

ஒரு மாசம் கழிச்சு போலகத்துல ஒரு சாவு விழுந்துச்சு. தெருவுல அஞ்சு வீடு நமக்கு. நாலு சாம்பல், ஒண்ணு மட்டும் பச்சை. சார் வேணாம் வேணாம்னு பின்னாடியே வர்றாரு, "துக்க வீட்டுல போய் அடுப்பு எரியலையான்னு கேக்கப்போறியா? அசிங்கம்"ங்குறாரு. வண்டிய எடுத்துட்டேன்.

அடுப்பப் பத்தி ஒருத்தர்கிட்டயும் கேக்கல. சாவு வீட்டுக்குள்ள போயி, ஒரு கும்புடு போட்டுட்டு, பொம்பளைங்க நடுவுல உக்காந்தேன். நம்ம ஆளுங்க மூணு பேரு அங்க இருந்தாங்க. மூணு பேரையும் கையத் தொட்டுப் பாத்துட்டு எழுந்தேன். அது போதும். மீதி ரெண்டு.

பச்சை வீடு ஒரு பெரியவர் வீடு. சன்னலெல்லாம் சாத்தியிருக்கு. தட்டுனேன். ரொம்ப நேரம் கழிச்சு, அரைக் கதவத் தொறந்து எட்டிப் பாத்தாரு. உள்ளேருந்து டீத்தூள் வாசம்.

"எப்படித் தெரிஞ்சுது?"ன்னாரு.

"உங்க அடுப்பு பச்சையா இருக்கு பெரியப்பா."

"சுகர் மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல இருக்க முடியலம்மா. மயக்கம் வருது. தெருவுல தெரிஞ்சா கிழிச்சுத் தோரணம் கட்டிடுவாங்க. யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன். எனக்கும் அரை டம்ளர் ஊத்துங்க."

குடிச்சிட்டுத்தான் வந்தேன். இத இப்ப உங்ககிட்ட சொல்றேனே தவிர, ஊர்லயும் சொல்லல, அவரு புள்ளைகிட்டயும் சொல்லல, சார்கிட்டயும் சொல்லல. நம்ம கண்ணுக்குத் தெரியுறதுல பாதி நாம பாக்காத மாதிரி இருக்க வேண்டியது. எந்தப் பாதின்னு அந்த நேரத்துல உங்களுக்கே தெரியணும்.

கடைசி வீடு ஒரு அம்மா, தனியாள். தட்டுறேன், தட்டுறேன், தொறக்கல. போன் உள்ளுக்குள்ள அடிக்குது, எடுக்கல. தாப்பாளப் பாத்தேன், மாலை ஏதும் தொங்கல. ஏன் பாத்தேன்னு உங்களுக்குத் தெரியும். சுத்திக்கிட்டு கொல்லைக்கு ஓடுனேன். மூங்கி வேலி. ஏறிக் குதிச்சேன், சுடிதார் கிழிஞ்சு, அந்தப் பக்கம் சாம்பக் குழில விழுந்தேன். "அம்மா! அம்மா!"ன்னு கத்துறேன். அந்தம்மாவக் கூப்புட்டேனா எங்கம்மாவக் கூப்புட்டேனான்னு எனக்கே தெரியல.

பாத்ரூம் கதவு படார்னு தொறந்துச்சு. முகம் பூரா சோப்பு, பாவாடைய நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டியிருக்கு, கைல வெளக்குமாறு.

"எவடி அவ! பொணம் கெடக்குற நேரத்துல திருட வந்திருக்கா பாரு! ஏண்டி எடுபட்டவளே, வாசல்ல வர மாட்டியா நீ? உன்ன யாருடி பெத்தது?"

வெளக்குமாத்தால ரெண்டு போடும் போட்டுச்சு. நான் சாம்பல்ல உக்காந்துக்கிட்டு சிரிக்கிறேன், அழுவுறேன். "திட்டுங்கம்மா, இன்னும் திட்டுங்க"ங்குறேன். பைத்தியம்னு நெனச்சிருக்கும். அப்பறம் யாருன்னு தெரிஞ்சு மூஞ்சியக் கழுவிட்டு வந்து, என் கிழிஞ்ச சுடிதாருக்கு ஊக்கு குத்தி விட்டுச்சு. குத்தும்போதும் திட்டுச்சு.

அந்தம்மா பொண்ணு பிரான்சுலேருந்து சாருக்கு போன் போட்டுச்சு. என்ன சொல்லுச்சோ எனக்குத் தெரியாது. மறுநாள் ஸ்க்ரீன்ல ரூல் இல்ல. மூணு அடுப்புக்கு மேல சேந்து நின்னா இப்ப 'துக்கம்'னு வராது. 'போய்ப் பார்'னு வரும். அந்த ரெண்டு வார்த்தையத்தான் நீங்க ட்ரெயினிங்ல பாத்தீங்க. எங்கேருந்து வந்துச்சுன்னு சார் சொல்லியிருக்க மாட்டாரு.

அப்ப ஏன் போறேன்னு கேப்பீங்க. நோட்டுக்குத்தான். கம்பெனிய யாரோ பெரிய ஆளுங்க பாக்க வர்றாங்களாம். அந்தப் பக்கத்த மாத்தி எழுதணும், 'வாடிக்கையாளர்' வரியத் திரும்பப் போடணும்ங்குறாரு. "ரூலத்தான் எடுத்துட்டேனே, இன்னும் என்ன?"ங்குறாரு. ரூல எடுத்தது மத்தவங்க அம்மாக்களுக்கு. அந்த வரி எங்கம்மாவுக்கு. அது செத்தது அதோட தப்புன்னு ஒரு நோட்டுல இருக்க விட மாட்டேன். கிழிச்சாலும் கிழிப்பேனே தவிர மாத்தி எழுத மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நாளைக்கு அவரு உங்கள்ல யாரையாவது எழுதச் சொன்னா என்ன செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நான் சொல்லித் தர மாட்டேன்.

இன்னொண்ணு. அம்மா வீட்டுலேருந்து அடுப்புப் பெட்டியக் கழட்டிக் கொண்டான்னாரு, கம்பெனிப் பொருளாம். தர மாட்டேன். இத்தன மாசமா தெனம் காலைல ஆறரை தாண்டுனதும் என் போன்ல வருது, 'விழிதியூர் அம்மா, அடுப்பு எரியவில்லை.' தெனமும் சிவப்பு. பாக்குறவங்கெல்லாம் "மியூட் பண்ணித் தொலையேண்டி"ங்குறாங்க. மியூட் பண்ணி நான் பட்டது போதும்.

இந்த ஞாயித்துக்கிழமை ரூம காலி பண்ணிட்டு விழிதியூருக்கே போறேன், எங்கம்மா வீட்டுக்கு. துண்டு அது போட்ட எடத்துலயே இருக்கும், எடுக்க மாட்டேன். தெருவுல நம்ம வீடு நாலு இருக்கு, அத நான் பாத்துக்குறேன், சம்பளம் வேணாம். வசந்தா அத்தை எதிர்ல இருக்கு. இப்ப அது எங்க போகச் சொன்னாலும் போறேன்.

திங்கக்கிழமை காலைல ஆறரைக்கு உங்க ஸ்க்ரீனப் பாருங்க. கடைசி வரில எங்க வீடு இருக்கும். நான் டீ போடுவேன், பச்சை வரும். இனிமே தெனமும் வரும். என் பேரும் உங்க கணக்குல ஒரு வீடுதான், தனியாள்தான்.

ஒரு நாள் வரலன்னா தூங்குறாளோ, ஊருக்குப் போயிருக்காளோ, தெருவுல சாவோன்னு உக்காந்து யோசிக்காதீங்க. வண்டிய எடுத்துட்டு வந்து கதவத் தட்டுங்க. நல்லா இருந்தேன்னா தூக்கத்தக் கெடுத்தியாடான்னு கண்டபடி திட்டுவேன், எங்கம்மா வாய் எனக்கு. அந்தத் திட்ட வாங்கிக்கிட்டு, டீ குடிச்சிட்டுப் போங்க.